சமதரையில் ஓடிப் பழகியவர் மகாவலி மலையிடுக்கில் சைக்கிள் ஏறலாமா?

உப்புவெளியிலிருந்து ஒரு தம்பி கேட்டிருக்கிறார். வயது 29. ஞாயிறு தவறாமல் நிலாவெளி, குச்சவெளி என்று றோட் சைக்கிளில் 60, 70 கிலோமீற்றர் ஓடுகிறவர். மலை ஏறியதே இல்லை. கொட்டியாரக் குடாவில் வந்து கலக்கிற மகாவலியைக் கீழிருந்து மேலாகப் பின்தொடர்ந்து, ரன்தம்பே, ரந்தெனிகல, விக்டோரியா இருக்கிற மலையிடுக்கு வரைக்கும் வாகனம் குறைந்த வீதிகளால் போகவேண்டும் என்பது அவருடைய ஆசை. அந்த ஏற்றத்தை என் கால் தாங்குமா, எந்த வீதி அமைதியானது, 53/39 கியரோடு போகலாமா, அழுத்தி மிதித்தால் வலது முழங்கால் நோகிறது, தனியே போகலாமா என்று அடுக்கியிருக்கிறார். கேள்விகள் பல என்றாலும் அவர் அறிய விரும்புவது ஒன்றுதான்: திருகோணமலைச் சமதரையில் சேர்த்த பலம் மலையில் செல்லுபடியாகுமா?

செல்லுபடியாகும், தம்பி. காலைப் பற்றி அவ்வளவு கவலைப்படவேண்டாம். நான் கவலைப்படச் சொல்வது நேரத்தைப் பற்றி. மலை ஏறுவதற்குக் குளிர்ச்சியான நேரம் விடியற்புறம். யானை வீதிக்கு வருகிற நேரமும் அதுதான். நீங்கள் கேட்கிற பாதையில் இந்த இரண்டும் மோதிக்கொண்டே இருக்கும். எந்தப் பகுதியில் எந்த நேரத்தில் நிற்பது என்று முன்கூட்டியே வகுத்துக்கொண்டவர் சந்தோசமாகப் போய்வருவார். கால் பலத்தை மட்டும் நம்பிப் போகிறவர் பத்து மணி வெயிலில் வளைவு ஒன்றில் சைக்கிளைச் சாய்த்துவிட்டுக் குந்தியிருப்பார். நான் உடற்கல்வி ஆசிரியராக இருந்தவன், பாடசாலைப் பிள்ளைகளைச் சைக்கிள் ஓட்டத்துக்குப் பழக்கியவன், அந்தப் பக்கத்து வீதிகளில் நீண்டகாலமாக ஓடுகிறவன். மருத்துவன் அல்ல. ஆகவே முழங்காலைப் பற்றிச் சொல்லும்போது ஓர் எல்லையோடு நிறுத்திக்கொள்வேன்.

முதலில் ஆற்றின் அமைப்பைப் பாருங்கள். மகாவலி 335 கிலோமீற்றர் நீளம். நம் பக்கத்தில் இருப்பது அதன் கடைசிப் படுக்கை, வயலும் களப்பும் நாணலும். கிண்ணியாப் பாலம், 396 மீற்றர், 2009இல் திறந்தபிறகுதான் பாதைப் படகுக்குக் காத்திருக்காமல் சைக்கிளில் கிண்ணியாவுக்குப் போக முடிந்தது. அதைத் தாண்டிக் கங்கைப் பாலத்தில் நின்று பார்த்தால் மண்ணிறத்தில் அகன்று, அவசரமில்லாமல் போகிற ஆறு தெரியும். அதே ஆறுதான் மேலே மலையை அறுத்துக்கொண்டு வருகிறது. விக்டோரியா அணை 122 மீற்றர் உயரம், 1985இல் திறந்தது. நிரம்பி நிற்கும்போது நீர்மட்டம் கடல் மட்டத்திலிருந்து 438 மீற்றர். அதற்குக் கீழே 1986இல் முடிந்த ரந்தெனிகல, நீர்மட்டம் 232 மீற்றர். அதற்கும் கீழே 1990இல் வந்த ரன்தம்பே, 152 மீற்றர். மூன்று நீர்த்தேக்கமும் படிக்கட்டாக அடுக்கியிருக்கின்றன. இந்த இடைவெளியில் ஆறு கிட்டத்தட்ட 290 மீற்றர் இறங்குகிறது. (ஆறு கடலில் விழுந்தபிறகும் பள்ளத்தாக்கு முடியவில்லை. நம் துறைமுகத்துக்கு வெளியே கடலுக்கடியில் கிடப்பது உலகின் பெரிய கடலடிப் பள்ளத்தாக்குகளில் ஒன்று. திமிங்கிலம் கரைக்கு இவ்வளவு கிட்ட வருவதும் அந்த ஆழத்தால்தான்.)

290 மீற்றர்தானே என்று நினைத்துவிடாதீர்கள். வீதி நீர்த்தேக்கத்தோடு சமமாக ஓடாது. மலையிலிருந்து ஓர் ஓயா (சிற்றாறு) வந்து ஆற்றில் சேருகிற இடமெல்லாம் வீதி கீழே இறங்கி, பாலத்தைக் கடந்து, மறுபடி ஏறும். இறங்கியதை எல்லாம் திரும்ப ஏறவேண்டும். வரைபடத்தில் தொடக்கத்துக்கும் முடிவுக்கும் உள்ள உயர வித்தியாசத்தை மட்டும் பார்த்துத் திட்டமிட்டால் உண்மையில் ஏறவேண்டியது அதைவிட எவ்வளவோ கூடிவிடும். கைப்பேசிச் செயலிகள் காட்டுகிற மொத்த ஏற்றத்தைப் பாருங்கள். அதுவும் கொஞ்சம் முன்பின்னாகத்தான் இருக்கும், ஆனாலும் வெறும் உயர வித்தியாசத்தைவிட நம்பலாம்.

இனிக் கால். கணக்குப் போட்டுக் காட்டுகிறேன், இது சந்தேகத்துக்கு இடமில்லாத பகுதி. நீங்களும் சைக்கிளும் தண்ணீரும் சேர்ந்து 80 கிலோ என்று வையுங்கள். காற்றில்லாத நாளில் நிலாவெளி வீதியில் மணிக்கு 27 கிலோமீற்றர் வேகத்தில் ஓட ஏறக்குறைய 130 வாட் போதும். அதே 130 வாட்டை 7 சதவீதச் சரிவில் கொடுத்தால் வேகம் 7.5 கிலோமீற்றராக விழுந்துவிடும். அவ்வளவுதான் நடக்கிறது. நெஞ்சுக்கும் தசைக்கும் வேலை அதேதான், ஓடுகிற தூரம்தான் குறைகிறது. சமதரையில் இரண்டு மணித்தியாலம் நிற்காமல் ஓடுகிறவருக்கு ஏறுகிற சக்தி உடம்பில் ஏற்கெனவே இருக்கிறது. அந்தச் சக்தியை முழங்கால் உடையாமல் சில்லுக்குக் கொண்டுபோவது கியரின் வேலை, உங்களுக்கு இடிக்கிற இடமும் அதுதான்.

முன்னால் இருக்கிற இரண்டு பல்சக்கரங்களில் 53, 39 பல்லு, பின்னால் ஆகப் பெரிய பல்சக்கரத்தில் 25 பல்லு என்று எழுதியிருக்கிறீர்கள். உங்கள் ஆகச் சிறிய கியரில் பெடல் ஒரு சுற்றுச் சுற்றினால் சைக்கிள் 3.3 மீற்றர் போகும். மணிக்கு 7.5 கிலோமீற்றர் வேகத்தில் அது நிமிடத்துக்கு 38 சுற்று. 38 சுற்றில் ஒவ்வொரு மிதியும் படியில் மூட்டை தூக்கி ஏறுவதற்குச் சமம். 60 சுற்றில் மிதிக்க வேண்டும் என்றால் மணிக்கு 12 கிலோமீற்றர் வேகத்தில் ஏறவேண்டும், அதற்கு 200 வாட் தேவை. பழகிய ஓட்டக்காரர் கொடுப்பார். நீங்கள் பத்து நிமிடம் கொடுப்பீர்கள், பிறகு முடியாது. முன்பல்லை 50/34 ஆக மாற்றி, பின்னால் 32 அல்லது 34 பல்லு உள்ள கசெற் (பின்சில்லுப் பல்சக்கர அடுக்கு) போட்டால் அதே 7.5 கிலோமீற்றர் வேகத்தில் 56 முதல் 60 சுற்று வரும். உட்கார்ந்தபடி மூச்சு வாங்காமல் ஏறலாம். 53/39ஓடு போகவேண்டாம் என்பதே என் பதில். காசு செலவுதான். ஆனால் இந்தப் பயணத்துக்கு வேறு எதற்கும் செலவழிக்கும் முன் இதற்குச் செலவழியுங்கள். உங்கள் பழைய பின் டெறெய்லர் (செயினைப் பல்லுக்குப் பல்லு நகர்த்துகிற கருவி) 28 பல்லுக்கு மேல் தாங்காததாகவும் இருக்கலாம், அப்படியானால் அதையும் மாற்றவேண்டி வரும். கடைக்காரரிடம் கேட்டு, பல்லெண்ணிக்கையைச் சரிபார்த்த பிறகு வாங்குங்கள்.

இதோடு சேர்ந்த ஒன்று, நம் ஊர்ச் சைக்கிள்களில் நான் திரும்பத் திரும்பப் பார்க்கிறது. சமதரையில் ஓடுகிறவர் பின்னால் உள்ள ஆகப் பெரிய பல்லை வருடக்கணக்காகத் தொடவே மாட்டார். அந்தப் பல்லு மினுங்கிக்கொண்டு புதிதாகவே இருக்கும். டெறெய்லரின் எல்லைத் திருகாணி எப்போதோ இளகியிருக்கும், சைக்கிள் ஒருதடவை விழுந்ததில் அதைத் தாங்குகிற காது கொஞ்சம் உள்ளே வளைந்திருக்கும், யாருக்கும் தெரியாது. முதல் மலையில், முதல் வளைவில், முழுப் பலத்தோடு மிதித்துக்கொண்டு அந்தப் பெரிய பல்லுக்கு மாற்றுகிறபோது செயின் பல்லைத் தாண்டிச் சில்லுக் கம்பிக்குள் விழும். அடுத்த மிதியில் டெறெய்லர் சில்லுக்குள் போய்விடும். பயணம் அங்கேயே முடிந்தது. வீட்டிலேயே சைக்கிளைத் தூக்கிப் பிடித்துப் பெடலைக் கையால் சுற்றிப் பெரிய பல்லுக்கு மாற்றுங்கள். அங்கே இருக்கும்போது லீவரை இன்னும் ஒருதரம் தள்ளுங்கள், செயின் அசையக்கூடாது. டெறெய்லர்க் கூட்டுக்கும் கம்பிக்கும் நடுவில் வெளிச்சம் தெரியவேண்டும். பிறகு உவர்மலை ஏற்றத்தில் உங்கள் பாரத்தோடு அதே கியரில் ஏறிப் பாருங்கள். கையால் சுற்றும்போது சத்தமில்லாதது பாரம் ஏறியதும் உரசும். அப்படி உரசினால் திருத்துகிறவரிடம் கொடுத்துச் சரிசெய்தபிறகே புறப்படுங்கள்.

முழங்கால். முன்பக்கம், சிரட்டையைச் சுற்றி, அழுத்தி மிதிக்கும்போது மட்டும் நோகிறது என்றால் பெரும்பாலும் இரண்டு காரணம்: பாரமான கியர், தாழ்ந்த சீற். கியருக்கு மேலே சொல்லிவிட்டேன். சீற்றுக்கு, சுவரைப் பிடித்துக்கொண்டு ஏறி உட்கார்ந்து, குதிக்காலைப் பெடலில் வைத்துக் கீழே கொண்டுபோங்கள். கால் நேராக நீளவேண்டும், இடுப்புச் சாயக்கூடாது. பிறகு முன்பாதத்தால் மிதிக்கும்போது முழங்காலில் சிறு மடிப்பு இருக்கும், அது போதும். ஒரே நாளில் இரண்டு விரல் உயரம் ஏற்றாதீர்கள், கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றுங்கள். வீக்கம் இருந்தாலோ, படி இறங்கும்போது மூட்டு நழுவுவது போல இருந்தாலோ, இரவில் படுத்திருக்கும்போதும் நொந்தாலோ, அது சைக்கிள் திருத்தி மாறுகிற நோ அல்ல. எலும்பு மருத்துவரிடம் காட்டுங்கள், மலையைப் பிறகு பார்க்கலாம்.

இனி வெக்கை. இதைப் பற்றித்தான் உங்களிடம் அதிகம் பேசவேண்டும், ஏனென்றால் நீங்கள் கேட்கவே இல்லை. தசை செய்கிற வேலையில் நாலில் ஒரு பங்குகூடப் பெடலுக்குப் போவதில்லை, மிச்சம் சூடாகிறது. 130 வாட் கொடுக்கிறபோது 400 வாட்டுக்கு மேல் சூடு உடம்புக்குள் பிறக்கிறது. நிலாவெளி வீதியில் உங்களுக்கு அது தெரியாது. 27 கிலோமீற்றர் வேகத்தில் எதிரே வருகிற காற்று வியர்வையை உடனுக்குடன் உலர்த்திவிடும், காற்சட்டை மட்டும் ஈரமாக இருக்கும். ஏற்றத்தில் 7.5 கிலோமீற்றர் வேகத்தில் காற்றே இல்லை. வியர்வை உலராமல் மூக்கு நுனியிலிருந்து சைக்கிள் குழாயில் சொட்டுச் சொட்டாக விழும். சொட்டுகிற வியர்வை குளிர்ச்சி தராது, உலர்கிற வியர்வைதான் தரும். சக்தி அதே, இதயத்துடிப்பு மட்டும் ஏறிக்கொண்டே போகும். பலர் இதைத்தான் ‘கால் போதவில்லை’ என்று நினைக்கிறார்கள்.

திருகோணமலையில் நீண்ட மலையேற்றம் இல்லை, ஆனால் கச்சான் காற்று இருக்கிறது. ஜூன் தொடங்கி ஓகஸ்ட் வரைக்கும் தென்மேற்கிலிருந்து வறண்டு வீசுகிற அந்தக் காற்றை நம்மவர்கள் சாபமாகத்தான் பேசுகிறார்கள். உங்களுக்கு அது பயிற்சி. குச்சவெளிப் பக்கம் அது பக்கவாட்டில் அடிக்கும், பிரயோசனம் குறைவு. சீனன்குடா தாண்டித் தம்பலகாமம் பக்கம் திரும்புங்கள், நேரே முகத்தில் அடிக்கும். அந்த எதிர்காற்றில் 40 நிமிடம், பெடலை ஒருதடவைகூட நிறுத்தாமல், உட்கார்ந்தபடி, ஒரே மூச்சளவில் ஓடுங்கள். மலை ஏற்றத்தின் பாரம் அதுதான்: சமதரையில் நாம் அறியாமலே எடுக்கிற சின்னச் சின்ன ஓய்வு அங்கே கிடைக்காது. பிறகு திரும்பி வாருங்கள். காற்று முதுகில். காற்றின் வேகத்துக்குக் கிட்டவாக நீங்களும் ஓடும்போது உடம்பில் காற்றே படாது, வேகமாகப் போய்க்கொண்டும் வெந்துகொண்டு இருப்பீர்கள். மலை ஏற்றத்தின் வெக்கை அதுதான். போகும்போது பாரமும் வரும்போது வெக்கையும் ஒரே வீதியில் கிடைக்கிறது. தொடக்கத்தில் காலை எட்டு, ஒன்பது மணிக்குள் முடிக்கிற மாதிரிச் செய்யுங்கள். உடம்பு வெக்கைக்குப் பழக இரண்டு கிழமை அளவு எடுக்கும். நம் ஊரிலேயே இருக்கிறவருக்கு அதில் பாதி ஏற்கெனவே முடிந்த மாதிரி. கொழும்பில் குளிரூட்டிய அறையில் வேலை பார்த்துவிட்டு லீவில் வருகிறவரைவிட இந்த விஷயத்தில் நீங்கள் முன்னால்.

தண்ணீரை மட்டும் குடித்துக்கொண்டே போகாதீர்கள். வியர்வையோடு உப்பும் போகிறது, வெறும் தண்ணீரை அளவுக்கு மிஞ்சிக் குடித்தால் இரத்தத்தில் உப்புக் குறைந்து தலைசுற்றும், அது ஆபத்து. இளநீர் நல்லதுதான், ஆனால் அதில் பொட்டாசியம் கூட, சோடியம் குறைவு. ஒரு போத்தல் இளநீரில் உப்பு ஒரு சிட்டிகை போட்டுக் கொள்ளுங்கள், அல்லது பாமசியில் விற்கிற ஜீவனி என்ற உப்புச் சீனிப் பொடிப் பக்கெற் கரைத்து ஒரு போத்தல் வைத்திருங்கள். சாப்பாடு மணித்தியாலத்துக்கு ஒரு வாழைப்பழமும் பாதிப் பணிசும் என்ற கணக்கில், பசி எடுக்கும் முன்பே. காலையில் வயிறு நிறையப் புட்டும் கறியும் சாப்பிட்டுவிட்டு ஏறத் தொடங்குவது கூடாது. குளிர்வது போல மயிர்க்கூச்செறிந்தால், தலையிடித்துக் கதை தடுமாறினால், உடனே இறங்கி நிழலில் படுத்து, தலையிலும் கழுத்திலும் தண்ணீர் ஊற்றுங்கள். அந்த நேரத்தில் குடிப்பதைவிட ஊற்றுவது முக்கியம். கதை தடுமாற்றம் மாறாவிட்டால் வருகிற வாகனத்தை மறித்து ஆஸ்பத்திரிக்குப் போகவேண்டும், காத்திருக்கக்கூடாது.

வீதிக்கு வருவோம். கந்தளாய், ஹபரணை வழியாகப் போகிற ஏ6 அமைதியான வீதி அல்ல. துறைமுகப் பக்கத்து ஆலைகளிலிருந்து மாவும் சீமெந்தும் ஏற்றிய லொறி இரவு பகலாக அதில்தான் ஓடும். ஆனால் வீதியின் ஓரம் அகலமானது, ஓடத் தெரிந்தவருக்குப் பெரிய பயம் இல்லை. முதல் நாள் அதில் ஹபரணை போய், மின்னேரியா வழியாகப் பொலன்னறுவையில் தங்குங்கள், 130 கிலோமீற்றர் அளவு வரும். இரண்டாம் நாள் மன்னம்பிட்டியில் மகாவலியைக் கடந்து, அரலகங்வில, தெஹியத்தகண்டி, கிராந்துருகோட்டை வழியாக மஹியங்கனை. இதுதான் நீங்கள் தேடுகிற அமைதி: இருபக்கமும் வாய்க்காலும் வயலும், உழவு இயந்திரம் தவிர வாகனம் குறைவு, ஒவ்வொரு குடியேற்றச் சந்தியிலும் தேநீர்க் கடை. தூரம் 100 கிலோமீற்றருக்குள். மூன்றாம் நாள்தான் மலை.

அமைதியான வீதி என்றால் நம் மாகாணத்திலும் அதை ஒட்டிய பக்கத்திலும் யானை வீதி என்றே அர்த்தம். கந்தளாய்க்கும் ஹபரணைக்கும் இடையிலும், மின்னேரியாவிலும், மன்னம்பிட்டிக்கு அப்பாலும், 1987இல் சரணாலயமாக அறிவித்த விக்டோரியா, ரந்தெனிகல, ரன்தம்பே வீதியிலும் யானை உண்டு. இதில் சந்தேகம் இல்லை. எந்த நாளில் எங்கே நிற்கும் என்பதுதான் யாராலும் சொல்ல முடியாதது. அந்திக்கும் விடியலுக்கும் இடையில் வீதிக்கு வருவது கூட. ஆகவே சமவெளிப் பகுதிகளில் வெள்ளெனப் புறப்படாதீர்கள். சூரியன் நன்றாக எழும்பி, பஸ்ஸும் பாடசாலை வாகனங்களும் ஓடத் தொடங்கிய பிறகு, ஏழு மணிக்குப் பிறகு கிளம்புங்கள். பின்னேரம் நாலு மணிக்குள் தங்குமிடத்தில் இருங்கள். சமவெளியில் வேகம் இருக்கிறது, காற்று இருக்கிறது, பத்து மணி வெயிலை உடம்பு தாங்கும். விடியற்புறக் குளிர்ச்சியை ஏற்றத்துக்கு மட்டும் சேமித்து வையுங்கள். அதற்காகத்தான் இரண்டாம் இரவை மலையடிவாரத்தில் கழிக்கச் சொல்கிறேன்.

சைக்கிளுக்கு யானை விஷயத்தில் ஒரு தனி ஆபத்து உண்டு: அது சத்தம் போடாது. லொறி வருவது யானைக்குத் தூரத்திலேயே கேட்கும். நீங்கள் வளைவில் திரும்பி அதன் முன்னால் திடீரென்று தோன்றுவீர்கள். யானை மணிக்கு 25 கிலோமீற்றர் வரை ஓடும். சமதரையில் தப்பலாம், ஏற்றத்தில் நீங்கள் 7.5. ஆகவே காட்டு வளைவுகளில் இருவராகக் கதைத்துக்கொண்டு போங்கள். வீதியில் ஈரம் காயாத லத்தி, புதிதாக ஒடித்த பச்சைக் கிளை, அதில் இலை வாடாமல் இருந்தால் அது கிட்டத்தில் நிற்கிறது. நின்றுவிடுங்கள். தெரிகிற யானைக்கு 100 மீற்றருக்கு முன்பே நின்று, மணி அடிக்காமல், விளக்குப் போடாமல், பஸ்ஸோ லொறியோ வரும்வரை காத்திருந்து அந்த வாகனத்தின் மறுபக்கத்தோடு ஒட்டிக் கடந்துபோங்கள். படம் எடுக்கக் கிட்டப் போகவே வேண்டாம்.

மஹியங்கனையிலிருந்து கண்டிக்கு இரண்டு வழி. ஒன்று ஹசலகவிலிருந்து ‘18 வளைவு’ என்று பெயர்பெற்ற பகுதியை ஏறி, உடதும்பர, ஹுன்னஸ்கிரிய, தெல்தெனிய வழியாகப் போகிற ஏ26. மற்றது ஆற்றை ஒட்டி ரன்தம்பே, ரந்தெனிகல வழியாகப் போவது. நீங்கள் கேட்டது இரண்டாவதை. முதல் தடவைக்கு நான் சொல்வது முதலாவதை. ரந்தெனிகல வீதி அழகானது, மலையிடுக்கும் நீரும் கண்முன்னே இருக்கும், வாகனம் மிகக் குறைவு. ஆனால் கடையில்லாத நீண்ட துண்டுகள், காடு, ஏறி இறங்கி ஏறுகிற ஓயாத சரிவுகள். அங்கே வெள்ளெனப் போகவும் முடியாது, யானை. வெயில் ஏறியபிறகு போனால் வெக்கை. மலையில் உங்கள் உடம்பு எப்படி நடந்துகொள்ளும் என்று இன்னும் அறியாத நிலையில் அந்தக் கலவை வேண்டாம். 18 வளைவில் பஸ் ஓடும், ஆட்கள் இருப்பார்கள், செங்குத்தான அந்தப் பகுதியில் யானைத் தொல்லை சமவெளியளவு இல்லை, முடியாவிட்டால் திரும்பி உருட்டிக்கொண்டு இறங்கிவிடலாம். அந்தச் சரிவு கிழக்கைப் பார்த்தது. காலை வெயில் தடையில்லாமல் நேரே முதுகில் விழும். ஆகவே வெளிச்சம் வந்தவுடன் அடிவாரத்தில் இருக்கவேண்டும், இரண்டாம் நாள் மஹியங்கனையைத் தாண்டி ஹசலகவில் தங்கினால் அது முடியும். ஞாயிறு காலை என்றால் வாகனமும் குறைவு. கீழே மினிப்பே வயல்களும் ஆறும் விரிந்து கிடப்பதை ஒவ்வொரு வளைவிலும் கொஞ்சம் கொஞ்சமாக உயரத்திலிருந்து பார்ப்பீர்கள். முதல் மூன்று வளைவையும் இது மிகவும் மெதுவு என்று உங்களுக்கே அலுக்கிற அளவு மெதுவாக ஏறுங்கள். அது பிடிபட்ட பிறகு, அடுத்த தடவை, இரண்டு மூன்று பேராக ரந்தெனிகல வீதிக்குப் போங்கள். கண்டியிலிருந்து கீழ்நோக்கி வந்தால் இன்னும் நல்லது.

ஏறுவதைப் பற்றி எல்லாரும் கேட்பார்கள், இறங்குவதைப் பற்றி ஒருவரும் கேட்பதில்லை. 80 கிலோ பாரம் 400 மீற்றர் இறங்கும்போது வெளிப்படுகிற சக்தி ஒரு லீற்றர் தண்ணீரைக் கொதிக்க வைக்கப் போதும். மெதுவாக, பிரேக்கைப் பிடித்தபடியே இறங்கினால் அதில் பெரும்பகுதி றிம்மில் சூடாக இறங்கும். றிம் சூடானால் ரயருக்குள் காற்று விரியும், ரியூப் வெடிக்கலாம். பிரேக்கைத் தொடர்ந்து உரசாதீர்கள். நேர்ப்பகுதியில் விட்டு, வளைவுக்கு முன்னால் இரண்டு பிரேக்கையும் உறுதியாகப் பிடித்து வேகத்தைக் குறைத்து, வளைவுக்குள் விட்டுவிடுங்கள். இடையில் நின்று புறங்கையை றிம்முக்குக் கிட்டக் கொண்டுபோய்ப் பாருங்கள், சூடு தெரிந்தால் ஆறவிடுங்கள். பிரேக் கட்டையைப் புதிதாக மாற்றிக்கொண்டு போங்கள். ரயர் 28 மில்லிமீற்றர் சைக்கிளுக்குள் கொள்ளுமானால் அதையே போடுங்கள். வளைவில் பஸ் முழு அகலத்தையும் எடுத்துத்தான் திரும்பும், அது சாரதியின் குற்றம் அல்ல, வேறு வழியில்லை. ஹோர்ன் கேட்டால் இடது ஓரத்தில் மெதுவாகி இடம் விடுங்கள்.

காலம் பெப்ரவரி, மார்ச். வடகிழக்கு மழை முடிந்திருக்கும், வெக்கை முழுதாக ஏறியிருக்காது. ஏப்ரலில் பின்னேர இடிமழை உண்டு. கச்சான் மாதங்களில் பயிற்சி செய்யுங்கள், அடுத்த பெப்ரவரியில் போங்கள், இடைப்பட்ட காலம் உங்களுக்குப் போதும். நவம்பர் தொடங்கி ஜனவரி வரை அந்தக் கிழக்குச் சரிவு முழுக்க மண்சரிவு அபாயம் உள்ள இடம். 2025 நவம்பர்க் கடைசியில் டித்வாப் புயலோடு கண்டி, பதுளை மாவட்டங்களில் நடந்தது எல்லாருக்கும் தெரியும். மலை வீதி ஒன்று போன வருடம் நன்றாக இருந்தது என்பது இந்த வருடத்துக்குச் சான்று அல்ல. புறப்படும் கிழமை அந்தப் பக்கத்துப் பஸ் சாரதியிடமோ, நீங்கள் தங்கப்போகிற விடுதியிலோ கேட்டு, வீதி திறந்திருக்கிறதா, சரணாலயப் பகுதியால் சைக்கிள் எத்தனை மணி வரை போகலாம் என்று உறுதிப்படுத்துங்கள். கியரும் வெக்கையும் பிரேக்கும் நான் எழுதியபடிதான் இருக்கும். எத்தனை மணித்தியாலத்தில் ஏறி முடிப்பீர்கள் என்பதை மட்டும் நான் சொல்லமாட்டேன், அது ஆளுக்கு ஆள், நாளுக்கு நாள் மாறும். பொழுது சாயும் முன் தங்குமிடம் சேருகிற அளவுக்கு மணித்தியாலங்களைத் தாராளமாக ஒதுக்குங்கள்.

தனியே போகலாமா என்றால், முதல் இரண்டு நாள் போகலாம், மூன்றாம் நாள் வேண்டாம். துணைக்கு ஆள் கிடைக்காவிட்டால் மோட்டார்சைக்கிளில் ஒரு நண்பரைப் பின்னால் வரச்சொல்லுங்கள். பொலன்னறுவையிலும் மஹியங்கனையிலும் சைக்கிள் திருத்துகிறவர்கள் உண்டு, கைராசிக்காரர்கள், ஆனால் அவர்களிடம் இருப்பது சாதாரணச் சைக்கிள் சாமான். றோட் சைக்கிளின் ஒடுங்கிய ரியூப்பும், மெல்லிய வால்வுக்குப் பொருந்துகிற பம்பி வாயும், டெறெய்லர்க் காதும் அங்கே கிடைக்காது. இரண்டு ரியூப், ஒரு காது, செயின் இணைக்கிற கொக்கி, சின்னப் பம்பி, இவற்றைத் திருகோணமலையிலேயே வாங்கிப் பையில் போட்டுக்கொள்ளுங்கள். அந்தக் காது ஒவ்வொரு சைக்கிளுக்கும் வேறு வேறு வடிவம், ஆகவே உங்களுடையதைக் கழற்றிக் கையில் கொண்டுபோய்க் காட்டி வாங்குங்கள்.